வலப்பக்கம் இழுத்த சைக்கிள்

தன் சைக்கிளில் யாரோ கை வைக்கிறார்கள் என்ற எண்ணம் பிரயோனிக்குப் புதன்கிழமை வந்தது. வியாழக்கிழமைக்குள் அது உறுதியாகிவிட்டது. யார் என்பதுதான் பாக்கி.

மலையிலிருந்து ஆற்றங்கரைக்கு இறங்கும் பந்தயப் பாதையில், மிர்ட்டில் மரங்களுக்கு நடுவே இடப்பக்கமாகச் சட்டென்று ஒடிகிற வளைவு ஒன்று உண்டு. அங்கே சைக்கிள் வலப்பக்கமாக இழுத்தது. ஒரு தடவை என்றால் ஈர வேர் மேல் பழியைப் போடலாம். திரும்பத் திரும்ப ஏறி இறங்கிப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் அதே கதை. சைக்கிள் தானாகக் கெடாது, எவராவது கெடுத்தால்தான் கெடும் என்பது அவள் கட்சி. இந்தப் பிழைப்பில் இருக்கிற எல்லோருக்கும் அதே கட்சிதான். கீழே விழுந்தால்கூட முழங்காலைப் பார்ப்பதற்கு முன்னால் சக்கரத்தைத்தான் சுற்றிப் பார்ப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வருடத் தொடரின் கடைசிப் பந்தயம். முதலில் வந்தால் ஐரோப்பாவில் ஓடுகிற ஓர் அணி அவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அவள் கணவன் மிட்சுக்கும் அதே அணியில் மெக்கானிக் வேலை கிடைக்கும். வராவிட்டால் இன்னொரு வருடம் இந்தக் கேரவன்தான். கட்டிலுக்கு அடியில் சைக்கிள், பாத்திரம் கழுவும் தொட்டியில் சங்கிலி எண்ணெய் வாடை, டாஸ்மேனிய மழையில் ஒருநாளும் காயாத காலுறைகள். ஒருவர் சட்டை மாட்டவேண்டும் என்றால் இன்னொருவர் வெளியே போய் நிற்க வேண்டிய வீடு அது.

சந்தேகத்தில் முதலில் மாட்டியவள் டானிகா. புள்ளிக் கணக்கில் பிரயோனிக்கு அடுத்தபடி இருப்பவள். ஆற்றங்கரை முகாம் முழுக்கக் காலியாகக் கிடக்க, செவ்வாய்க்கிழமை வந்து இறங்கியவள் தன் பழைய வேனை இவர்கள் கேரவனுக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாள். எதற்காம்? குழாய் பக்கம் என்றாளாம். குழாய் எல்லாப் பக்கமும்தான் இருக்கிறது.

"அவ எதுக்குடி உன் சைக்கிளத் தொடப் போறா?" என்றான் மிட்ச். "நான் ரெண்டு தடவ பிரிச்சு மாட்டிட்டேன். சக்கரம் நேரா இருக்கு, சட்டம் நேரா இருக்கு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்படிச் சொன்னேனா?"

"மூஞ்சி சொல்லுது."

மிட்ச் முகத்தைத் திருப்பிக்கொண்டு டயரைத் துடைக்க ஆரம்பித்தான். ஏற்கெனவே துடைத்த டயர்.

முன் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக்கில் ஒரு சின்னக் குமிழ் இருக்கிறது, திருகினால் குதிப்பு கூடும், குறையும். அதை எவளாவது திருகியிருந்தால் கண்டுபிடிக்க, பிரயோனி குமிழுக்கும் ஷாக் குழாய்க்கும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்து வைத்தாள். விடிந்து பார்த்தால் கோடு வைத்தபடியே இருந்தது. வேறு யாராவது என்றால் நிம்மதி அடைந்திருப்பார்கள். இவளோ, கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் திருகி, பழையபடி கோட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள் கள்ளி என்று முடிவு கட்டினாள்.

சைக்கிளோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கூடாரத் துணிக்கு அடியில் உருளைகள் மேல் சைக்கிளை ஏற்றி நின்ற இடத்திலேயே மிதிக்கிற பயிற்சி ஒன்று தினமும் செய்வாள். கண்ணை மூடிக்கொண்டே மிதிப்பவள் அந்த வாரம் இரண்டு தடவை வழுக்கி விழுந்தாள். உருளையை யாரோ நகர்த்தியிருக்கிறார்கள் என்றாள். ஃப்ரிட்ஜில் வைத்த பால் திரிந்தது. அதற்கும் ஒரு காரணம் தேடினாள், கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு மிட்ச். மழையில் கேரவனுக்கு அடியில் மல்லாந்து கிடந்தவன், இவள் செருப்புச் சத்தம் கேட்டதும் கையிலிருந்த எதையோ சக்கரத்துக்குப் பின்னால் தள்ளினான். என்ன என்று கேட்டால் ஒழுகுது பார்த்தேன் என்றான். அன்று சாயங்காலமே சைக்கிள் கழுவும் இடத்தில் அவனும் டானிகாவும் தலையைக் குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். இவளைப் பார்த்ததும் பேச்சு நின்றுபோயிற்று. சைக்கிளைக் கெடுப்பவள் கையில் புருஷனும் இருக்கிறானா என்று நினைத்தபோது பிரயோனிக்கே அது கேவலமாக இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை பொறுமை போய்விட்டது. டானிகா வேன் வாசலில் உட்கார்ந்து ரொட்டியில் வெஜிமைட் தடவிக்கொண்டிருந்தாள். பிரயோனி நேரே போய் அவள் முன்னால் நின்றாள்.

"என் சைக்கிள என்ன பண்ண?"

"காலைல எந்திரிச்சதும் திட்டறதுன்னா முதல்ல உக்காரு. டீ வேணுமா?"

"வலது பக்கமா இழுக்குது. நீ வர்றதுக்கு முன்னாடி இழுக்கல."

டானிகா கத்தியை நக்கிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சைக்கிளக் கெடுத்துத்தான் உன்னத் தோக்கடிக்கணும்னு எனக்கு என்னடி தலையெழுத்து? போன மாசம் இங்கயே அந்தப் பாறைச் சரிவுல நீ குப்புற விழுந்தப்ப, கைதட்டாம இருந்தேனே, அதுக்கே எனக்குப் பதக்கம் குடுக்கணும்."

"பேச்ச மாத்தாத."

"மாத்தல. சைக்கிள மாத்திக்கலாம். என்னோடத நீ எடு, உன்னோடத நான் எடுக்கறேன். ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதானே. இறங்கிப் பாத்துட்டு வந்து சண்ட போடலாம்."

மாற்றிக்கொண்டு இறங்கினார்கள். முன்னால் போன டானிகா மிர்ட்டில் வளைவில் பிரயோனியின் சைக்கிளை ஒரு கோடு கிழித்த மாதிரி திருப்பிக்கொண்டு போனாள். பின்னால் வந்த பிரயோனி டானிகாவின் சைக்கிளோடு வலப்பக்கப் புதருக்குள் போனாள்.

"உன்னோடது வெண்ணெ மாதிரி போகுது," என்றாள் டானிகா, கைகொடுத்துத் தூக்கியபடி. "இதுக்கா அழுத?"

"உன்னோடதும் கோணல்."

"என்னோடது கோணலா? நேத்து அதுலதான் உன் நேரத்த முறியடிச்சேன்."

அப்போதும் பிரயோனிக்குச் சந்தேகம் தன் பக்கம் வரவில்லை. தன் சைக்கிளை டானிகா ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்துவிட்டு, இந்த நாடகத்துக்காகவே சொந்த சைக்கிளைக் கோணலாக்கி வைத்திருக்கிறாள் என்று தோன்றியது. அப்படி ஒருத்தி செய்வாளா என்று கேட்டால் பதில் இல்லை. கோபத்துக்குப் பதில் எதற்கு?

சமாதானம் பேச டானிகா கேரவன் வரைக்கும் கூடவே வந்தாள். மிட்ச் ஊருக்குள் ரொட்டியும் பாலும் வாங்கப் போயிருந்தான். பயிற்சிக்குப் பிறகு சாப்பிட அவித்து வைத்த முட்டைகள் கிண்ணத்தில் இருந்தன. டானிகா கேட்காமலே ஒன்றை எடுத்தாள். உப்பைத் தேட அதை மேசைமேல் வைத்தாள். முட்டை உருண்டு வலப்பக்கச் சுவரில் போய் இடித்து நின்றது.

"ஏன்டி உங்க வண்டிய இப்படிக் கோணலா நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"கோணலா? நேராத்தானே இருக்கு."

டானிகா சிரித்தாள். கேரவனில் வாழ்கிறவர்கள் ஓர் இடத்துக்குப் போனால் முதல் வேலை மட்டம் பார்ப்பது. தரைக்கு ஏற்ப சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, மட்டக்குழாயில் குமிழி நடுவில் வந்த பிறகுதான் அடுப்பையே பற்றவைப்பார்கள். இது கேரவன்காரிக்குத் தெரியாதா என்றுதான் அவள் சிரித்தாள். பிரயோனி சிரிக்கவில்லை. முட்டையை எடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி உருண்டது.

"நேத்தே மிட்ச்கிட்ட கேட்டேனே. மண்ணு அமுங்கிடுச்சு, அவகிட்ட சொல்லாத, அவ ஏற்கெனவே டென்ஷன்ல இருக்கா அப்படின்னான். இவ்ளோ சாஞ்சிருந்தா கேஸ் ஃப்ரிட்ஜ் எப்படிடி குளிரும்?"

பிரயோனி அகலமான வாணலி ஒன்றை மேசைமேல் வைத்துத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் யாருக்கும் பரிந்து பேசாது. வலப்பக்க விளிம்பில் ததும்பி நின்றது, இடப்பக்கம் அடிப்பாகமே தெரிந்தது. அவள் மேசையைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். எல்லாம் அவள் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தன. தண்ணீர் மட்டும் கோணலாக இருந்தது.

டானிகாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "உனக்கு இது நேராத் தெரியுதா?"

"தெரியுது."

"அன்னிக்கு விழுந்தப்ப தலையில அடியா?"

"தலைக்கவசம்தான் பிளந்துச்சு. என்ன கிழமைன்னு கேட்டாங்க, சரியாச் சொன்னேன். விட்டுட்டாங்க."

"பிரயோனி, டாக்டரப் பாத்துட்டு வா. இப்பவே."

"ஓ. ஞாயித்துக்கிழம நான் இல்லன்னா யாருக்கு லாபம்?"

அந்த நேரத்தில் மிட்ச் பையோடு உள்ளே ஏறினான். மேசைமேல் வாணலியைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டான். அவன் நின்ற விதத்திலேயே பாதி விஷயம் பிரயோனிக்குத் தெரிந்துபோயிற்று.

"எத்தன கட்டை வச்ச?" என்று கேட்டாள்.

"என்ன கட்டை?"

"மிட்ச்."

அவன் பையைக் கீழே வைத்தான். "மூணு. இடது பக்கம்."

"எதுக்கு?"

"நீதானே வண்டி இடது பக்கமா சாயுது சாயுதுன்னு சொல்லிட்டே இருந்த. மட்டமாத்தான் இருந்துச்சு, குமிழி நட்டநடுவுல நின்னுச்சு. சொன்னா நீ கேக்கல. சரின்னு ஒரு கட்டை வச்சேன். இன்னும் சாயுதுன்ன. மூணாவது வச்சதும், இப்பதான் நேரா இருக்குன்ன."

"அப்பவே உனக்குத் தெரிஞ்சுபோச்சு. கோளாறு வண்டியில இல்ல, எனக்குத்தான்னு."

அவன் டானிகாவைப் பார்த்தான், இவள் முன்னால் பேச வேண்டுமா என்பதைப் போல. பிறகு சொன்னான்: "ஞாயித்துக்கிழம முடிஞ்சதும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம்னு இருந்தேன்."

ஏதோ நல்லது செய்யப்போகிறவன் குரலில்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தப் பாறைச் சரிவு, கீழே அந்த வளைவு, வளைவுக்கு வலப்பக்கம் அந்தப் புதரைத் தாண்டினால் ஆளை நிறுத்த ஒரு மரம்கூட இல்லாத பள்ளம். இத்தனையும் தெரிந்துகொண்டு ஒரே கட்டிலில் பக்கத்தில் படுத்திருக்கிறான். காலையில் காபி போட்டுக் கொடுத்திருக்கிறான். ஐரோப்பாவுக்கும் தனக்கும் நடுவே இருக்கிற ஒரே ஒரு நாளை, வாயை மூடிக்கொண்டு தாண்டிவிடப் பார்த்திருக்கிறான்.

"இன்னொரு தடவ விழுந்திருந்தா?"

"நீ விழ மாட்ட, பிரை. உன்ன எனக்குத் தெரியாதா?"

"தள்ளு," என்றாள் அவள். அவன் தள்ளவில்லை. வாணலியைத் தூக்கினாள். தண்ணீர் முழுக்க அவன் சட்டையில் கொட்டியது, அப்புறம் தள்ளினான்.

வெளியே வந்து டானிகாவின் வேன் கதவருகே நின்றாள். லான்செஸ்டன் நகர ஆஸ்பத்திரி மலை தாண்டிப் போகவேண்டிய தூரம். போய்த் திரும்பினால் டானிகாவுக்கு அன்றைய பயிற்சி போச்சு, அநேகமாக மறுநாளைய பயிற்சியும். மிட்ச் ஈரச் சட்டையோடு பின்னாலேயே ஓடிவந்து, நான் கூட்டிட்டுப் போறேன், சாவியைக் கொண்டுவரேன் என்று என்னென்னவோ சொன்னான். பிரயோனி அவன் பக்கம் திரும்பவில்லை.

"ஏறு," என்றாள் டானிகா. "வாந்தி வந்தா முன்னாடியே சொல்லிடு. பெல்ட்டப் போட்டுக்கோ."

வேன் முகாமை விட்டு வெளியேறிப் பாலத்தைக் கடந்தது. சாலை நேராகப் போகிறதா சாய்ந்து போகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. பயத்தில் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு எதுக்கு இதெல்லாம் பண்ற?" என்று கேட்டாள்.

"நீ ஆஸ்பத்திரியில படுத்தாத்தானே ஞாயித்துக்கிழம நான் ஜெயிக்க முடியும்," என்றாள் டானிகா, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

அந்த வாரம் முழுக்க யார் சொன்னதையும் நம்பாத பிரயோனி, இதையும் நம்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு டானிகாவின் தோளில் சாய்ந்தாள்.