நாலில் ஒரு பங்கு நேரம்

எஸ்கில் புண்ட்கோர் இசைத்தால் கேட்பவர்களுக்கு நான்கு மணி நேரம் ஒரு மணி நேரமாகக் கழியும். லிம்ஃபியோர்டு கடற்கழியின் கரையில் உள்ள ஸ்கார்ப்ஹோல்ம் ஊருக்கு இது 1985 ஜூனில் தெரியவந்தது. பள்ளி முடித்த இருபத்திரண்டு பேர் வெள்ளைத் தொப்பி அணிந்து, பீச் மரக் கிளைகள் கட்டிய லாரியில் ஏறி, வழக்கப்படி ஒவ்வொருவர் வீட்டு வாசலிலும் கால் மணி நேரம் ஆடிக்கொண்டு போனார்கள். எஸ்கில் லாரியில் இரண்டு இசைத்தட்டுப் பெட்டிகளை வைத்துப் பாட்டுப் போட்டான். கடைசி வீடு அவனுடையது. மாலை ஆறுக்கு வரவேண்டிய லாரி மறுநாள் மதியம் பன்னிரண்டுக்கு வந்தது. ஆறு மணி நேரம்தான் ஆயிற்று என்று இருபத்திரண்டு பேரும் சாதித்தார்கள். எவன் முகத்திலும் புதிதாக மயிர் முளைத்திருக்கவில்லை. அவனுடைய இரட்டைச் சகோதரி வீபெகே, மேசை போடவென்று லாரியில் ஏறாமல் முன்கூட்டியே சைக்கிளில் வீடு வந்திருந்தாள். ஹெர்ரிங் மீனை மூன்று முறை வெளியே வைத்து மூன்று முறை உள்ளே எடுத்தாள். அவனுக்கு இருபது நிமிடம் முந்திப் பிறந்தவள், அன்றோடு இன்னும் பதினெட்டு மணி நேரம் மூத்தவளானாள்.

பிறகு அவன் டிஜே ஆனான். ஆர்ஹுஸில் ஒரு நிலவறை, கோபன்ஹேகனில் பழைய இறைச்சிக் கொட்டகை, பின் பெர்லின், டோக்கியோ. ஆடப் போனவர்கள் ரயிலைத் தவறவிட்டார்கள். இரண்டாம் முறை போனவர்கள் மறுநாள் ரயிலுக்கே சீட்டு எடுத்தார்கள். காதில் பஞ்சு வைத்த காவலாளிகள், ஆடுபவர்களின் கைகள் தண்ணீருக்குள் போல மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊர்த் துறைமுகத்தின் காலி மீன்கிடங்கில் அவன் செய்து வெளியிட்ட பதினோரு இசைத்தொகுப்புகளுக்கு அந்தக் குணம் கிடையாது. பெட்டியின் திருகில் அவன் விரல் இருந்தால்தான் நேரம் தாழும். கிடங்கில் தினம் பத்து மணி நேரம் உட்கார்ந்ததில், இருவரின் ஐம்பதாவது பிறந்தநாளில் அவன் உடலுக்கு நாற்பத்திரண்டு வயது. விருந்துக்கு வழக்கப்படி உறவினர்கள் எழுதி அச்சடித்துக் கொண்டுவந்த பாட்டில், தம்பியை மடியில் வைத்து ஊட்டிவிடும்படி வீபெகேயைக் கேட்டுக்கொள்ளும் ஒரு கண்ணி இருந்தது. எல்லோரும் எழுந்து நின்று பாடினார்கள்.

வீபெகே மருத்துவச்சி. அவன் இசைத்த எந்த இடத்துக்கும் அவள் போனதில்லை.

"நான் ஒரு நிமிஷம் பிந்தினா ஒரு உசிரு போயிரும். நீ நாள் கணக்குல பிந்துறவன். உன் ஆட்டத்துக்கு நான் சரிப்பட மாட்டேன், போடா" என்பாள். அவனும் வற்புறுத்தவில்லை. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அவள் பெயரில் ஒரு நுழைவுச்சீட்டை வாசலில் கொடுத்துவைத்தான்.

ஐம்பத்தேழாம் வயதில் அவள் ஈரலில் கட்டி வந்தது. நவம்பரில் ஒரு செவ்வாய் மதியம், நாளை மதியம் தாண்டாது என்றார் மருத்துவர். அவள் ஒரே மகள் டில்டே, கிரீன்லாந்தின் நூக் நகரில் ஆசிரியை. அங்கே மூடுபனி, விமானங்கள் நின்றிருந்தன.

"எத்தனை நாளாகுமாம்?"

"யாருக்கும் தெரியல, வீபெ."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப உன் பொட்டிகளத் தூக்கிட்டு வா."

கட்டிலின் காலருகே இஸ்திரி மேசையில் பெட்டிகளை வைத்து ஒரு மணிக்குத் தொடங்கினான். அவளிடம் இருந்தது இருபத்து மூன்று மணி நேரம். ஜன்னலில் வெளிச்சம் முக்கால் மணி நேரத்தில் அணைந்தது.

"இதையா காசு குடுத்துக் கேக்குறாங்க?"

"ஆமா."

"துணி துவைக்கிற மிஷின் மாதிரி இருக்கு."

புதன் காலை ஒன்பதுக்கு நகராட்சிச் செவிலி யூட்டே மார்ஃபின் ஊசியோடு வந்தாள். இருவரோடும் ஒரே வகுப்பில் படித்தவள். இந்த வீட்டுக்கு அவளுக்கு ஒதுக்கப்பட்டது பதினோரு நிமிடம். வெளியே வந்தபோது மணி ஒன்பது நாற்பத்து நான்கு. அன்று ஊரில் பதினான்கு கிழவர்கள் காலுறை மாட்டிவிட ஆளில்லாமல் மதியம் வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் தன் புருஷனின் டிராக்டர் காதுமூடியை மாட்டிக்கொண்டு வந்தாள். அவள் ஊசியில் மருந்தை ஏற்றி முடிக்கும் வரை வீபெகேயின் இமை மெல்ல மெல்ல இறங்கி மூடிக்கொண்டே இருந்தது. எஸ்கிலின் விரல் வீங்கியிருப்பதைக் கண்டு ஒரு தாளில், "டேய், கையை ஆட்டு, மரத்துப்போயிரும்" என்று எழுதி இஸ்திரி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அவன் கையை ஆட்டவில்லை. விரலை எடுத்தால் ஊர் நேரம் உள்ளே வந்துவிடும். மூன்று நாளில் இரண்டு முறை எடுத்தான். சிறுநீர் கழிக்க, மொத்தம் ஒன்பது நிமிடம். இரண்டாம் முறை ஓடிவந்தபோது கதவு நிலையில் முட்டிக்கொண்டான். வீபெகேக்குச் சிரிப்பு வந்தது. வலியில் பாதியில் நிறுத்தினாள்.

மூன்றாம் முறை சூரியன் மறைந்தபோது, "பாட்டு இப்ப கொஞ்சம் பரவால்ல" என்றாள் வீபெகே. அவன் மற்றக் கையால் அடுத்த தட்டை வைத்தான்.

வெள்ளி பிற்பகல் ஒன்றுக்கு டில்டே, காலணியைக் கழற்றாமல், பனி அங்கியோடு உள்ளே வந்தாள். இசை கேட்டதும் அவளுக்கும் நேரம் தாழ்ந்தது. மூவரும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். அம்மாவின் முகத்தோடு முகத்தை வைத்துக்கொண்டாள். மூன்று நாளில் உள்ளே கழிந்தது பதினெட்டு மணி நேரம்; அவர்கள் வசம் இன்னும் ஐந்து மணி நேரம் இருந்தது. இசைத்தாலும் நிறுத்தினாலும் அதே ஐந்து மணி நேரம்தான். எஸ்கிலுக்கு அது தெரியும். ஆனாலும் விரலை எடுக்க அவனால் முடியவில்லை.

"நிறுத்துடா" என்றாள் வீபெகே. "அதான் வந்துட்டால்ல. உனக்கும் கை வலிக்கும்."

அவன் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். தெருவில் ஒரு சைக்கிள் மணி சரியான வேகத்தில் அடித்தது. டில்டே காபி போட்டாள், அதைப் பஞ்சில் தொட்டு அம்மாவின் உதட்டில் வைத்தாள். நூக்கில் தன் வகுப்பில் இருக்கும் பதினேழு பிள்ளைகளின் பெயரையும் வரிசையாகச் சொன்னாள். ஆறு மணிக்கு வீபெகே இறந்தாள். மருத்துவர் சான்றிதழில் வெள்ளிக்கிழமை என்றே எழுதினார்.

அடுத்த வசந்தத்தில் நகராட்சியின் வீட்டுப் பராமரிப்பு அட்டவணையில், கண் சொட்டு மருந்துக்கும் காலுறைக்கும் இடையில், ஒரு வரி கூடியது. தூரத்திலிருந்து பிள்ளைகள் வரவேண்டிய வீடுகளுக்கு எஸ்கில் இஸ்திரி மேசையோடு போகிறான். செவிலிகளுக்குக் காதுமூடி அலுவலகத்திலேயே கிடைக்கிறது.