மேலிருந்து தெரியாத லயம்

லிங்கி ஆற்றங்கரைத் தோட்டமொன்றில் தொழிலாளர் குடியிருப்பு வரிசையான நான்காம் லயத்தின் பதினேழு வீடுகளும் 2020 ஆகஸ்டு மாதத்தில் வானத்துக்குத் தெரியாமல் போயின. தரையில் நின்று பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. கொடியில் துணி காய்வதும், மோட்டார் சைக்கிள்கள் சுவரில் சாய்ந்து நிற்பதும், வாசல் கோலம்கூட நன்றாகத் தெரியும். மேலிருந்து பார்த்தால் செம்பனை மரங்கள் மட்டுமே. அந்த நிறத்தைக் கலந்தவன் பதினோராம் எண் வீட்டுப் புனிதன்.

பக்கத்து ஊர் சுவாவில் ஒரு கார் பட்டறையில் இருபத்தாறு வருடமாகச் சாயம் அடித்துக்கொண்டிருந்தவன் அவன். மோதி நசுங்கிய கதவை மாற்றினால், ஏழு வருட வெயில் குடித்த சிவப்புக் காருக்கு ஏழு வருடம் பழசான சிவப்பையே கலந்து தருவான். ஞாயிற்றுக்கிழமைகளில் யுத்தகாலச் சண்டை விமானங்களை முழங்கை நீளத்துக்கும் குறைவான மாடல்களாக ஒட்டி, அவற்றுக்கு மறைப்பு நிறம் பூசுவான். பிள்ளைகள் இல்லை. மனைவி தனலெட்சுமிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதால் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவளைப் போர்ட்டிக்சனுக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனான். அவள் இரத்தம் இயந்திரத்தைச் சுற்றி வரும் நான்கு மணி நேரமும் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, தீப்பெட்டி அளவு இறக்கைகளை உப்புத்தாளால் தேய்ப்பான். தாதிகள் அவனைப் பைலட் என்று கூப்பிட்டார்கள். அவன் விமானத்தில் ஏறியதே இல்லை.

2018இல் மறுநடவுக்காகத் தோண்டியபோது மண்வாரி இயந்திரம் ஒரு அலுமினியத் துண்டை மேலே கொண்டுவந்தது. ஜப்பான்காரன் வந்த வருடம் விழுந்த வெள்ளைக்காரன் விமானம், பஃபலோ ரகம், இறக்கைத் துண்டு என்று புனிதன் ஆணி வரிசையைப் பார்த்தே சொன்னான். இங்கிலாந்தின் வயல்களுக்காகத் தீர்மானித்த பச்சையும் மண்பழுப்பும் பூசிய விமானம் அது. ரப்பர் காட்டுக்கு மேல் அந்த நிறம் எதையும் மறைத்திருக்காது. அந்தப் பச்சையில் கறுப்பு எவ்வளவு, மஞ்சள் எவ்வளவு என்று மாடல்காரர்கள் இணையத்தில் வருடக்கணக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே தெரிந்த நிறம் வெளிறிப் போயிருந்தது. புனிதன் இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் ஆணிகளைக் கழற்றினான். தொழிற்சாலையை விட்ட நாளிலிருந்து வெளிச்சமே படாத ஒரு விரல்கடை அகலப் பச்சை அங்கே ஈரம்போல் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்து நாற்பத்தொரு தடவை கலந்தான். நாற்பத்தொன்றாவது கிண்ணத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தபோது கிண்ணத்துக்குள் எதுவும் தெரியவில்லை, மேசையின் பலகை வரிகள்தான் தெரிந்தன. உட்கார்ந்து பக்கவாட்டில் பார்த்தால் விளிம்புவரை பச்சை இருந்தது.

தனலெட்சுமியும் எழுந்து பார்த்தாள், குனிந்து பார்த்தாள். "அந்தக் கலரு அப்படித்தான் போல. மூடி போட்டு வைங்க, கை பட்டுச் சிந்தப்போவுது" என்றாள்.

அந்த வருடம் சிரம்பானில் நடந்த மாடல் போட்டிக்கு அவன் பஃபலோவைக் கொண்டுபோனான். நடுவராக வந்த சசிதரன் நின்றபடியே பார்த்துவிட்டு, காலி இடம் என்று எழுதிக்கொண்டு நகர்ந்தார். புனிதன் அவரைக் கெஞ்சி மண்டியிட வைத்தான். அவர் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. "அசல் நிறம். நான் இதுவரைக்கும் இப்படிப் பார்த்ததில்ல. ஆனா மேல இருந்தும் பாக்கணும்னு ரூல்ல இருக்குலா" என்றார். ஆறுதல் பரிசு கிடைத்தது.

பிறகு தோட்டம் கைமாறியது. வாங்கிய கம்பெனி நிலத்தைச் சுத்தமாக எடுக்க விரும்பியது. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களுக்கு லயம் சொந்தமில்லை என்று கடிதம் வந்தது. எத்தனை வீடுகள் என்று கணக்கெடுக்க டிரோன் வரப்போவதாகக் கேள்விப்பட்டதும், லயத்துக் கமிட்டித் தலைவர் சந்திரன் புனிதனைத் தேடி வந்தார். பழைய லோரி டிரைவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"ஒன் பொம்ம ஏரோப்பிளேனுக்கு அடிச்சியே, அது கூரைக்குப் பத்துமா?"

"அவ்ளோ பெயிண்டுக்கு டிரம் கணக்குல கலக்கணும்ணே."

"கலக்கு. ஆள் நாங்க வாறோம்."

மூன்று நாளில் பதினேழு கூரைகளும் முடிந்தன. டிரோன் வந்தது, இரண்டு தரம் சுற்றியது, போனது. கம்பெனியின் வரைபடத்தில் நான்காம் லயம் காலி நிலமாகப் பதிவானது. காலி நிலத்திலிருந்து யாரையும் வெளியேற்ற வேண்டியதில்லை என்பதால் கடிதங்கள் நின்றன. வெயிலும் கூரைகளை விட்டுவிட்டது. மதியத்தில்கூட வீட்டுக்குள் குளுமையாக இருந்தது. மழை லயத்துக்கு இரண்டு பக்கமும் பெய்தது, கூரைமேல் ஒரு சொட்டும் விழவில்லை. சனங்கள் வாரக்கணக்கில் அதைப் பேசி, பிறகு பேச்சை விட்டார்கள். பீப்பாய்களை வீட்டிலிருந்து பத்தடி தள்ளி வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள்.

2021 டிசம்பரில் வந்த வெள்ளம் மேலிருந்து வரவில்லை. ஆறு கரையேறிப் பக்கவாட்டில் வந்தது, அதற்கு வீடுகள் நன்றாகத் தெரிந்தன. வெள்ளிக்கிழமை காலையில் தனலெட்சுமியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக மோட்டாரை எடுத்த புனிதன், தொடையளவு தண்ணீரில் அதைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தான். மதியத்துக்குள் எல்லாரும் கூரைமேல் இருந்தார்கள். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு மீட்புக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுமுனையில் இருந்தவர் திரையைப் பார்த்து, அந்த இடத்தில் வீடுகளே இல்லை, விளையாட வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஹெலிகாப்டர் வந்தது. தலைக்கு மேலே மூன்று சுற்று சுற்றியது. பெண்கள் சிவப்புச் சேலையை விரித்து ஆட்டினார்கள். ஆனால் அந்த நிறத்தின்மேல் நின்றவர்களையும் அவர்கள் பிடித்த துணியையும் நிறம் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. விமானி போத்தலைத் திறந்து தண்ணீர் குடிப்பதுகூடப் புனிதனுக்குத் தெரிந்தது. குடித்து முடித்துவிட்டுப் போர்ட்டிக்சன் பக்கம் போய்விட்டார்.

திங்கட்கிழமை முறையும் தவறியது. தனலெட்சுமியின் கால்கள் வீங்கி, மூச்சு அடிவயிற்றிலிருந்து இழுத்தது. புனிதன் அவளைத் தன் நெஞ்சில் சாய்த்து உட்கார வைத்திருந்தான். செவ்வாய்க்கிழமை பகலில் அவள் கண்ணைத் திறந்து, கூரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"கலரு சரியாத்தாங்க வந்திருக்கு" என்றாள். "ஒங்கள யாரும் கொற சொல்ல முடியாது."

ஒரு மணி நேரத்தில் அவள் போய்விட்டாள். தண்ணீர் வடிய மறுநாள் ஆனது.

இறப்பைப் பதியப் போன இடத்தில் அந்த முகவரியில் வீடு இல்லை என்றார்கள். அவள் தங்கை விமலாவின் சிரம்பான் முகவரியைக் கொடுக்க வேண்டியதாயிற்று. சான்றிதழின்படி தனலெட்சுமி ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறாத மாடி வீட்டில் இறந்தாள். பதினாறாம் நாள் காரியத்தில் கூரைமேல் படையல் சோறு வைத்தார்கள். காக்கைகள் வந்தன, வட்டமிட்டன, எதையும் காணாமல் செம்பனைக்குத் திரும்பின. விமலா கா கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய் உட்கார்ந்துவிட்டாள். புனிதன் உள்ளே போய்த் தின்னர் டப்பாவும் கம்பி பிரஷ்ஷும் எடுத்துவந்து ஏணியைச் சாய்த்தான்.

சந்திரன் ஏணியடிக்கு வந்தார். "என்னா பண்ற?"

"சொரண்டுறேன்."

"ஒன் வீடு தெரிஞ்சா கம்பெனிக்காரன் வருவான்லா. வந்தா பதினாறு குடும்பமும் எங்க போவும்?"

"அன்னிக்கு எங்கண்ணே போனோம்? நம்ம தலைக்கு மேலதான சுத்துனான்."

சேற்றில் ஏணி நழுவியது. சந்திரன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, புனிதன் இறங்கும்வரை நின்றார். சாப்பாட்டுத் தட்டளவு இடம் வெளுத்ததும் ஒரு காக்கை வந்து சோற்றைத் தின்றது. மீதிக் கூரையைச் சுரண்ட இன்னும் ஒன்பது நாள் ஆனது.

மார்ச்சில் டிரோன் மறுபடி வந்தது. ஜூனில் மண்வாரி இயந்திரத்துடன் தர்மராஜ் என்ற மேற்பார்வையாளர் வந்து, பதினேழு வீடுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே லயத்தின் முழு நீளமும் நடந்தார். பிறகு கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

"பிளான்ல ஒரு வீடுதாண்ணே இருக்கு" என்றார் புனிதனிடம். "இல்லாத வீட்ட இடிச்சா நான் பதில் சொல்லணும்."

ஆகவே பதினோராம் எண்ணை மட்டும் இடித்தார்கள். இரண்டு பக்கச் சுவர்களிலும் கீறல் விழாமல், பல் பிடுங்குவதுபோல் எடுத்தார்கள். புனிதன் சிரம்பானில் ஒரு மலிவு அடுக்குமாடிக்குப் போனான். அங்கே வேறு பட்டறையில் கார்களுக்குச் சாயம் அடித்தான். மாடல்களைச் சசிதரனிடம் கொடுத்துவிட்டான். நிறத்தின் அளவுகளை எழுதிவைத்த நோட்டை மட்டும் யாருக்கும் தரவில்லை, பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்துக் கொளுத்தினான். லயத்துக்காரர்கள் அவனைக் கல்யாணங்களில் பார்த்தால் பேசினார்கள். இடிந்த வீட்டின் கல்லையும் காரையையும் கம்பெனி அள்ளிக்கொண்டு போகவில்லை. சந்திரன் ஆட்களைச் சேர்த்து அவற்றைக் குவித்துத் தட்டி, ஆளுயரத்துக்கும் மேலே ஒரு மேடாக்கினார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

2024 நவம்பர் கடைசியில் ஆறு மறுபடி கரையேறியது. பட்டறையில் ஒரு வேனுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டிருந்தபோது புனிதனின் கைப்பேசி அடித்தது.

"சந்திரன் பேசுறேன். ஹெலிகாப்டர் வந்துச்சுப்பா. ஒன் வீட்டு மேட்டு மேல நின்னோம்."

"பாத்தானா?"

"மொத சுத்துலயே பாத்துட்டான்."

"எத்தன பேருண்ணே?"

"எல்லாரும் லா. அம்பத்தெட்டு பேரு."

புனிதன் கைப்பேசியை வைத்துவிட்டுக் கையுறையைக் கழற்றினான். வேனின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தான். முதலாளி எட்டிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். புனிதன் எழுந்து மீதி டேப்பை ஒட்டினான்.

செம்பனைக்கு நடுவே, அக்கம்பக்கம் வீடே இல்லாத வெட்டவெளியில் ஐம்பத்தெட்டுப் பேர் ஒரு கல்மேட்டில் நின்றதாக மீட்புக் குழுவின் குறிப்பில் இருக்கிறது. பதினாறு வீடுகளும் இன்றைக்கும் வரைபடத்தில் இல்லை. லயத்தில் முறை போட்டு, மழைக்காலத்துக்கு முன்னால் அந்த மேட்டின் புல்லை வெட்டிவிடுகிறார்கள்.