மாஹிரின் போர்வை

நவால் தையல்கூடத்திலிருந்து திரும்பியபோது மாஹிர் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். ஏழு மாதக் குழந்தை, பிறவியிலேயே பார்வை இல்லாதவன். தொட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று அவள் தைத்துக் கொடுத்த போர்வைமேல்தான் கிடந்தான். ஆனால் அது அவள் தைத்த போர்வையாகவே இல்லை.

அவள் ஒட்டித் தைத்திருந்த குளியல் நாரைக் காணோம். அரிசிச் சாக்குத் துண்டு, கசக்கினால் மொறுமொறுக்கும் சிப்ஸ் உறை, அவன் அப்பாவின் பழைய சட்டைக் காலர், ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் பிரித்தெறிந்துவிட்டு, வழவழவென்று ரோஜா நிற சாட்டின் துணி! கண்ணேறு படாமலிருக்க மூலைக்கு மூலை நீலமணி வேறு. அதில் ஒன்று நூல் தளர்ந்து, பிள்ளையின் வாயருகே தொங்கியது. நவாலுக்கு உச்சந்தலை வரை பற்றி எரிந்தது.

"யாரு பார்த்த வேலை இது?"

மாமியார் இன்சாஃப் ஷர்பத் கலக்குவதை நிறுத்தவில்லை. "நாந்தான். என் மக இப்திஹாலுக்குப் பாத்திஹா ஓதிக் கல்யாணத்தை நிச்சயம் பண்ண மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்ற நேரம். அந்தக் கந்தலைப் பார்த்தா எதுக்குன்னு கேப்பாங்க. குருட்டு ரத்தம் ஓடுற வீட்ல எவ பொண்ணெடுப்பா? புள்ளைய உள்ள போட்டுக் கதவைச் சாத்து."

"இந்த மணி தொண்டையில சிக்கினா, அது யாரோட கண்ணேறுன்னு சொல்வீங்க மாமி?"

"வாயைப் பாரு வாயை!"

கணவன் ரிஃபாத் குறுக்கே வந்தான். "ஒரே ஒரு சாயங்காலம், பொறுத்துக்க நவால்."

பொறுக்கணுமாம்! பெற்ற பிள்ளையைத் திருட்டுப் பொருள் மாதிரி ஒளித்து வைத்துக்கொண்டு இன்னும் எவ்வளவுதான் பொறுப்பாள்? குப்பைக் கூடையைக் கவிழ்த்துத் துண்டுகளைப் பொறுக்கினாள். விருந்தினர் வந்து உட்கார்ந்ததும், மாஹிரைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு, துண்டுகளும் ஊசிநூலுமாக நேரே கூடத்துக்குப் போனாள். தரையில் அவனைக் கிடத்தி, அருகில் அமர்ந்து சாட்டினைச் சர்ரென்று கிழித்தாள்.

"என்னம்மா, நல்ல துணியக் கிழிக்கிற?" என்றாள் மாப்பிள்ளையின் தாய்.

"என் மகனுக்குக் கண்ணு தெரியாதும்மா. கையாலதான் பார்ப்பான். அதையும் புடுங்கிட்டாங்க. திருப்பித் தைக்கிறேன்."

மாஹிரின் கைக்கு அந்த அம்மாளின் பாசிமணி வைத்த அங்கியோரம் அகப்பட்டது. அழுகை நின்றது. ஒவ்வொரு மணியாகத் தடவிச் சிரித்தான். அவள் அங்கியை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு எழுந்தாள். பின்னாலேயே அவள் வீட்டாரும் எழுந்தார்கள்.

இப்திஹால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். அந்தப் பெண்ணை நினைத்து நவாலுக்கு நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஊசியை மட்டும் அவள் கீழே வைக்கவில்லை.

"என் மக வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியேடி!" இன்சாஃப் மார்பில் அடித்துக்கொண்டாள்.

"இவன் பொறந்த ஏழாம் நாள், பேர் வைக்கிற விழாவுக்கு வழக்கப்படி உரல் இடிச்சு ஊரையே கூப்பிட்டிருக்கணும். நீங்க கதவைச் சாத்தினீங்க." நவாலின் குரல் வாசல்வரை போனவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. "போறவங்க கேட்டுட்டுப் போங்க. இவன் பேரு மாஹிர்!"