பத்து விழுக்காடு

கோழியும் நூடுல்ஸும் சேர்த்துச் சுட்ட உணவிருந்த கண்ணாடிப் பாத்திரத்தை இரு கைகளாலும் ஏந்தியபடி ராய்ஸ் வாசலில் நின்றபோது, அதை வாங்கிக்கொள்வதா என்று நொரீன் ஒரு கணம் யோசித்தாள். வாங்கிக்கொண்டாள். பாத்திரத்தின் அடியில் அவன் மனைவியின் பெயர் எழுதி ஒட்டியிருந்தது; திருப்பித் தர வேண்டும் என்று பொருள்.

அவள் கணவன் வெண்டல் கிரச்ஃபீல்ட் சாய்வு நாற்காலியில் முதுகுக்கவசத்துடன் கிடந்தான். பதினொரு நாள்களுக்கு முன், ஒகாலா நகருக்குத் தெற்கே ஒரு வீட்டின் பழைய கூரையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, மக்கிய பலகையொன்று அவன் காலடியில் முறிந்தது. முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் நொறுங்கின. இன்னோர் அறுவை சிகிச்சை செய்தால் நடக்கலாம் என்றார் மருத்துவர்.

செலவை ஏற்க வேண்டியது வேலையாள் காப்பீடு. கட்டட வேலையில் ஒரே ஓர் ஆளை வைத்திருந்தாலும் முதலாளி அதை எடுத்தாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். ஆனால் நிறுவனத்தில் பத்து விழுக்காடேனும் பங்குள்ள நிர்வாகி, தனக்கு வேண்டாம் என எழுதிக்கொடுத்து விலகலாம். கூரைவேலைக்குரிய பிரீமியம் அந்த வட்டாரத்தில் யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. ஆகவே அங்கே சிறு நிறுவனங்களில் நிர்வாகிகளைத் தவிர வேறு யாரும் கூரையேறுவதில்லை; கூலிக்கு ஏறுகிறவனும் காகிதத்தில் நிர்வாகிதான். ராய்ஸ் தலைவர். வெண்டல் துணைத்தலைவர். நொரீனின் தம்பி கர்டிஸ் செயலாளர்.

விலக்குச் சான்றிதழ் தபாலில் வந்த அன்று வெண்டல் அதை மாட்டக் கண்ணாடிச் சட்டகம் வாங்கி வந்தான். இருபத்தாறு ஆண்டுகள் பிறர் வீடுகளின்மேல் ஏறியவன். எந்த அலுவலகமும் அதுவரை அவன் பெயரோடு ஒரு பதவியை அச்சிட்டதில்லை. நொரீன் கேக் செய்தாள். "துணைத்தலைவர் குப்பையக் கொண்டுபோய்ப் போடுவாரா, இல்ல அதுக்கும் கூட்டம் போடணுமா?" என்று ஓராண்டாகக் கேட்டு வந்தாள். சான்றிதழ் இன்னும் தொலைக்காட்சிக்கு மேலே தொங்கியது. பலன் பெறும் உரிமையைத் துறப்பதாகச் சொல்லும் வரியை இருவருமே படித்திருந்தார்கள். விழுபவன் வேறு யாராகவோ இருப்பான் என்று எண்ணியிருந்தார்கள்.

மருத்துவமனை அனுப்பிய படிவத்தைப் பார்த்துவிட்டு, வெண்டல் மெய்யாகவே பங்குதாரர்தானா என விசாரிக்க மாநில அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. வெறும் வேலையாள்தான் என்று தெரிந்தால் செலவு நிறுவனத்தின் தலையில் விழும்.

"நாலு மணிக்குத்தானே?" என்றான் ராய்ஸ். தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டியிருந்தான். "என்ன சொல்லப்போற, வெண்டல்?"

"நீதான் தள்ளிவிட்டன்னு சொல்ல மாட்டேன், பயப்படாத."

இருவரும் சிரித்தார்கள். வெண்டலின் சிரிப்பு முதுகுவலியில் போய் முடிந்தது.

"பங்குதாரன்னா லாபம் எங்கன்னு கேப்பாங்க, ராய்ஸ்," என்றாள் நொரீன். "வாரக்கூலியத் தவிர இவன் என்னத்தக் கண்டான்?"

"அதச் சொன்னீங்கன்னா அன்னிக்கே வேலைய நிறுத்திருவாங்க. அபராதத்துல நான் முழுகிருவேன். கர்டிஸும் தெருவுலதான். மூணு புள்ளைங்க அவனுக்கு. உன் தம்பி, நொரீன்."

"என் தம்பி யாருன்னு நீ எனக்குச் சொல்லாத."

"நான் யாரையும் ஏமாத்தல. எல்லாரும் செய்யறதத்தான் செஞ்சேன். நானும்தானே ஏறுனேன்?"

"ஏறுன," என்றான் வெண்டல். "எனக்கு முன்னாடி ஏறுவ. எனக்கு முன்னாடி எறங்குவ."

பாத்திரத்துக்கு அவசரமில்லை என்று சொல்லிவிட்டு ராய்ஸ் போனான்.

நொரீன் போர்வையைச் சரிசெய்தாள். "வெறும் வேலையாள்னு சொல்லு. போதும். பொய்யில்லையே."

"பெல்வியூ ஊர் வேலைக்கு ஒப்பந்தத்துல துணைத்தலைவர்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன், நொரீன். அந்த வீட்டம்மா எனக்குக் கைகொடுத்தாங்க."

"பேனா யாரோடது?"

அவன் தொலைக்காட்சிக்கு மேலே தொங்கிய சான்றிதழைப் பார்த்தான்.

அதிகாரி நான்கு மணிக்குச் சரியாக வந்தாள். நாற்காலியை அருகே இழுத்து அமர்ந்து, ஒலிப்பதிவுக் கருவியை மேசைமேல் வைத்து, சுவரிலிருந்த சான்றிதழை நிதானமாகப் படித்தாள்.

"கம்பெனியில உங்க வேலை என்ன, மிஸ்டர் கிரச்ஃபீல்ட்?"

வெண்டல் தன் கையைப் பார்த்தான். பதினொரு நாள்களாக நொரீன் ஈரத்துணியால் துடைத்தும் நகக்கண்களில் கூரைத் தார் கறுத்தே கிடந்தது. அவன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பிறகு கையை மெல்ல வெளியே எடுத்து, அவளுக்குத் தெரியும்படி மடிமேல் விரித்து, யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.