கோடி வேட்டியில் ஒரு குறி

அப்பாவின் சட்டைப் பைகளை மோகனா ஒவ்வொன்றாகத் துழாவிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவரைக் குளிப்பாட்டி முடித்து வேட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். பெற்ற மகள் தலைமாட்டில் உட்கார்ந்து அழாமல் அலமாரியைக் குடைவதைப் பார்த்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பார்க்கட்டும். நான்காவது சட்டையில் அகப்பட்டது, துணியில் குறி போடும் கறுப்பு மைப் பேனா. மூடியைக் கழற்றி உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்தாள். மை இருந்தது.

"என்னக்கா தேடுற? எல்லாம் உனக்காகக் காத்திருக்காங்க லா," என்று தம்பி குகன் வந்து நின்றான்.

"சுகுமாரன் சார் வந்துட்டாரா?"

"அவருக்கு யாரு சொன்னது?"

"நான்தான். காலையில மொத போனே அவருக்குத்தான்."

குகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த மனிதரின் பெயரைச் சொன்னாலே தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகிறவள் அக்கா.

அப்பா சன்னாசி ஐம்பது வருடம் ஜார்ஜ் டவுன் வீடுகளுக்குத் துணி வெளுத்தவர். நானூறு வீட்டு உருப்படிகள் ஒரே தொட்டியில் புரண்டாலும் சாயங்காலம் அவரவர் வீட்டுக்குத் தப்பாமல் போய்ச் சேரும். காலரின் உள்பக்கம் மொச்சைக்கொட்டை அளவுக்கு அவர் போடும் குறிதான் காரணம். மேலே உள்ள கோடுகள் தெருவைச் சொல்லும். கீழே உள்ள புள்ளிகள் வீட்டைச் சொல்லும். பக்கத்தில் வருவது செய்யவேண்டிய வேலை. வளைந்த வால் என்றால் கஞ்சி, சுழி என்றால் இஸ்திரி மட்டும், பெருக்கல் குறி என்றால் துவைக்காமல் திருப்பு. இந்தக் கடைசிக் குறியை அவர் போட்டு மோகனா ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். ஒரு வக்கீல் வீட்டில் பட்டுச் சட்டையைக் காணோம் என்று அப்பாவைத் திருடன் என்றார்கள். சட்டை அவர்கள் பீரோவிலேயே கிடைத்தது. ஒரு மன்னிப்பு மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் வந்த மூட்டையில் ஒவ்வொரு உருப்படியிலும் பெருக்கல் போட்டு அப்படியே திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அந்த வீட்டுத் துணியைத் துவைக்கும் துறையில் ஒருவரும் தொடவில்லை.

தலைமையாசிரியர் சுகுமாரன் வீட்டுத் துணியும் அப்பாவிடம்தான் வந்துகொண்டிருந்தது. ஒருநாள் காலரைத் திருப்பிப் பார்த்தவருக்குப் பொறி தட்டியது. கணினிக்குக் குறிமுறை எழுதப் பிள்ளைகள் முழிக்கிறார்களே, இதை வைத்துத் தொடங்கினால் என்ன? யோசனை நல்ல யோசனைதான், அதை மோகனாவே மறுக்கமாட்டாள். இரண்டு வருடம் வியாழக்கிழமை தவறாமல் அப்பா பஸ் ஏறிப் பள்ளிக்குப் போனார். கரும்பலகையில் குறி போட்டார், பழைய துணியை வைத்து மடிக்கச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகள் தாத்தா, தாத்தா என்று அவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

அப்புறம் புத்தகம் வந்தது. அறுபத்து நான்கு பக்கம். அட்டையில் சுகுமாரன் பெயர், உள்ளே சுகுமாரன் முன்னுரை, பின்னட்டையில் சுகுமாரன் படம். பதினொன்றாம் பக்கத்து அடியில் மட்டும் பொடி எழுத்தில், 'ஒரு சலவைத் தொழிலாளியிடம் கேட்டறிந்தவை' என்று ஒரு வரி. 'மண்ணின் அறிவைக் கல்விக்குக் கொண்டுவந்தவர்' என்று அவருக்கு விருதும் கொடுத்தார்கள். அந்த விழாவுக்கு அப்பா கோட்டு போட்டுக்கொண்டு போனார். பட்டியலில் பெயர் இல்லை என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். கார் நிறுத்தும் இடத்துப் பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, உள்ளே கேட்ட கைதட்டலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்.

"நல்ல கூட்டம்மா. புள்ளைங்க கத்துக்கிச்சுங்கல்ல, அது போதும்," என்றார்.

அவருக்குப் போதும். மோகனாவுக்குப் போதவில்லை. எட்டு மாதமாக, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் மெஷின் முன்னால் நிற்கும்போதும் அந்தப் பெஞ்சுதான் அவள் கண்ணில் நின்றது. அந்த ஆளை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று நெஞ்சுக்குள் கறுவிக்கொண்டே இருந்தாள்.

சுகுமாரன் பத்து மணிக்கு வந்தார். வெள்ளைச் சீருடையில் ஆறு பிள்ளைகள், படம் எடுக்க ஓர் இளம் ஆசிரியை, தாம்பாளத்தில் ஒரு கோடி வேட்டி. ஜெலுத்தோங்கில் மோகனாவின் வீடு அடுக்குமாடியின் தரைத்தளத்தில் இருந்தது. வாசலில் கூடாரம் போட்டு அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்.

"ரொம்ப வருத்தமா இருக்கும்மா. உங்க அப்பா எனக்கும் அப்பா மாதிரிதான். பிள்ளைங்க சார்பா கோடி போடணும்னு கொண்டாந்தேன். ரெண்டு வார்த்தை பேசலாம்லம்மா?"

"பேசுங்க சார். மொதல்ல கோடி போட்டுருங்க. அத இப்படிக் குடுங்க, முறை வரும்போது எடுத்துத் தர்றேன்."

அடுப்படி மேடையில் வேட்டியை விரித்தாள். மேலே மூன்று கோடு, கீழே ஐந்து புள்ளி. சின்ன வயதில் அவளே எத்தனை தடவை அந்த வீட்டுக்கு மூட்டை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் ஒரு பெருக்கல். மொச்சைக்கொட்டை அளவில் இல்லை, சோற்றுத் தட்டு அளவில் போட்டாள்.

பின்னால் வந்த குகன் பார்த்துவிட்டான். "அக்கா, என்ன வேல இது? அப்பா இருந்தா விடுவாரா?"

"அப்பா எல்லாத்தயும் விட்டாரு. அதான் இப்படி ஆச்சு."

"அதுக்கு இன்னைக்கா? அப்பா மேலயா?"

"இன்னைக்கு விட்டா அந்தாள நான் வேற எங்க நிறுத்துவேன், சொல்லு."

வெளியே கோடி போட அழைத்தார்கள். குகன் வழிவிட்டு விலகினான். குறி உள்பக்கம் போகும்படி மடித்து எடுத்துப்போய் அவள் சுகுமாரன் கையில் கொடுத்தாள்.

அவர் கேமராவைப் பார்த்தபடியே வேட்டியை உதறி அப்பாவின் மேல் விரித்தார். நெஞ்சுக்கு நேராகக் குறி வந்து விழுந்தது. கூடாரத்தில் இருந்தவர்களுக்கு அது வெறும் கிறுக்கல். அந்த ஆறு பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. குறியைக் கண்டால் கையைத் தூக்கவேண்டும் என்று அவர்களைப் பழக்கியிருந்தவர் சுகுமாரன்தான். முன்னால் நின்ற ரூபினி என்ற சிறுமியின் கை தானாக மேலே போனது. யாரும் கேட்கவில்லை, அவளே படித்தாள்.

"மூணு கோடு, மூணாவது தெரு. அஞ்சு புள்ளி, அஞ்சாவது வீடு. பெருக்கல்... துவைக்காம திருப்பு."

"அப்படின்னா என்னம்மா?" என்று நாற்காலியில் இருந்த ஒரு பெரியவர் கேட்டார்.

"அவங்க துணிய நாம தொடக் கூடாதுன்னு அர்த்தம் தாத்தா. நமக்கு அநியாயம் பண்ணவங்களுக்குத்தான் இத போடுவாங்க." பிறகு ஆசிரியர் பக்கம் திரும்பினாள். "சார், இது யாரு வீடு சார்?"

சுகுமாரன் குனிந்து குறியைப் பார்த்தார். முப்பது வருடமாக அவர் கழுத்துப் பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த கோடும் புள்ளியும் அவருக்குத் தெரியாதா? படம் எடுத்துக்கொண்டிருந்த ஆசிரியை கைப்பேசியைக் கீழே இறக்கினாள். குகன் ஒரு மாலையை எடுத்துக் குறியின் மேல் போடப் போனான். மோகனா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க சார். புள்ள கேக்குதுல்ல."

"என் வீடு," என்றார், தரையைப் பார்த்து.

"பின்னால உள்ளவங்களுக்குக் கேக்கல சார்."

"என் வீடும்மா."

பெரியவர் மெல்ல எழுந்து நாற்காலியை அவரிடமிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மோகனாவுக்கு வயிறு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே குளிர்ந்தது. எட்டு மாதம் சுமந்ததை இறக்கி வைத்தவள் மூச்சை இழுத்து விட்டாள். இனி அந்த வேட்டியைச் சுகுமாரன் மேலேயே விட்டெறிய வேண்டியதுதான் பாக்கி.

அதற்குள் ரூபினி முன்னால் வந்துவிட்டாள். குறியைப் படித்தால் மட்டும் போதாது, அது சொல்கிற வேலையையும் செய்து முடிக்கவேண்டும் என்று வியாழக்கிழமைகளில் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். மாலைகள் கலையாமல் வேட்டியை அப்பாவின் மேலிருந்து மெதுவாக எடுத்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒரு தடவை உதறினாள். மோவாயில் இடுக்கிக்கொண்டு இரண்டாக மடித்து, புறங்கையால் சுருக்கத்தை நீவிவிட்டு, மறுபடியும் மடித்தாள். வேட்டியை விட்டெறிய நீட்டிய கையை மோகனா இழுத்துக்கொண்டாள். சிறுமியின் கைகளை விட்டு அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை. அப்பா மோவாயில் இடுக்கித்தான் மடிப்பார், புறங்கையால்தான் நீவுவார்.

"இந்தாங்க சார், உங்க துணி."

சுகுமாரன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ரூபினி நகரவில்லை. வகுப்பில் விடை சொன்னால் அவர் ஒரு 'சரி' சொல்வார். அதற்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.