அகலப் பிடி

புயலில் சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்தித் தருவதுதான் அண்ணனும் தங்கையும் சேர்ந்து தொடங்கிய தொழில். வேலை பிடித்துக் கூலி பேசுவது அண்ணன். குட்டி டிராக்டரை ஓட்டுவது தங்கை. வண்டியின் முன்கைகளில் மாட்ட ஒரு கிராப்பிள், மரத்தைக் கவ்வித் தூக்கும் இரும்புப் பிடி, வாங்க வேண்டியிருந்தது.

தங்கை கடை கடையாக ஏறி இறங்கினாள். வண்டி தூக்கும் எடையில் பிடியின் எடையும் சேர்த்தி, பிடியே கனத்தால் மரத்துக்கு மிச்சம் இருக்காது, மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் மூடி ஒன்றே போட்ட குறுகல் பிடி போதும், முன்பக்கம் குடை சாயாமலிருக்கப் பின்னால் பாரம் கட்டியே ஆக வேண்டும் என்று வந்து சொன்னாள். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியில் வாசலில் வந்து இறங்கியதோ வண்டியைவிட அகலமான இரட்டை மூடிப் பிடி. அண்ணியின் தம்பி கடையில் சீந்த ஆளில்லாமல் துருப்பிடித்துக் கிடந்த சரக்கு.

"இது பெரிய வண்டிக்கு உள்ளதுண்ணே."

"பாக்கறவன் அசந்து போவான். வேலை தானா வரும்."

பின்பாரம் பற்றிக் கேட்டதற்கு, முதலில் கையில் இருக்கும் வேலையை முடி என்று வாயை அடைத்துவிட்டான். அவள் ஓட்ட மறுத்தாள். வீட்டில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் சாவியை எடுத்துக்கொண்டாள்.

ஒரு மர அறுப்பு ஆலையின் பின்முற்றம். தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அங்கே விழுந்து கிடந்த அடிமரத்தை அவள் கவ்வி, தரையோடு தாழ்வாகவே கொண்டுபோனாள். ஆலைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற அண்ணனுக்கு அந்த நிதானம் கௌரவக் குறைச்சலாகப் பட்டது.

"மேல தூக்கு, மதில் தாண்டி அப்படியே போடு," என்று கத்தினான்.

தூக்கினாள். பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது, வண்டி சாய்ந்தது. குதித்தாள், இடது கால் மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது.

மருத்துவமனையில் திரைக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஆலைக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது.

"பொம்பளைப் புள்ள சார். பதறிப்போய் உசரமா தூக்கிட்டா."

காலில் கம்பி வைத்ததுகூட அவளுக்கு அப்படி வலிக்கவில்லை.

அவள் ஊன்றுகோலோடு வீடு திரும்பியபோது முற்றத்தில் சின்னப் பிடி மாட்டிய வண்டி நின்றது. ஓட்ட ஒரு ஆளையும் அண்ணன் வைத்திருந்தான். அலைந்து திரிந்து தானே பொறுக்கி எடுத்த பிடி என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னான்.

ஒருநாள் சமையலறைக்கு வந்து நின்றான். பின்சக்கரம் இன்னும் லேசாகத் துள்ளுகிறதாம்.

"பின்னால என்ன பாரம் வைக்கணும்னு சொல்லேன்."

"அன்னைக்கு மேல தூக்குன்னு சொன்னது யாருண்ணே?"

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்த இருக்கையில் இப்போது உட்காருகிறவனுக்கும் இரண்டு கால் இருந்தது. பின்சக்கர டயருக்குள் தண்ணீர் ஏற்றச் சொன்னாள். இரும்புப் பெட்டியில் ஈர மணலை நிரப்பிப் பின்கொக்கியில் மாட்டச் சொன்னாள். கேட்டுக்கொண்டு போய்விட்டான். கால் எப்படி இருக்கிறது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவள் அவனை அண்ணே என்று கூப்பிடவே இல்லை. அவன் அதைக் கவனிக்கவும் இல்லை.