மோந்த தாமரை

எங்கள் வீட்டுப் பின்புறம் இருப்பதைக் குளம் என்று சொன்னால் என் கணவர் குமரகுருபரன் சிரிப்பார். நாலடி அகலம், இரண்டடி ஆழம். ஆனால் அதைத் தோண்டியது நான். தபாலாபீசில் நாள் முழுக்க முத்திரை குத்திவிட்டு வந்து, சாயங்காலம் சாயங்காலமாகக் கடப்பாரை பிடித்தவள் நான். தச்சநல்லூர் மண் லேசில் வழிவிடாது. குழியில் தார்ப்பாய் விரித்து, ஓரத்தில் கல் அடுக்கி, அடியில் வாய்க்கால் வண்டலைக் கொட்டி, கொசு அடையாமல் இருக்கக் கப்பி மீன் விட்டு, ஒரு தாமரைக் கிழங்கை ஊன்றினேன். முதல் வருஷம் வெறும் இலைதான். அவர் ‘கீரைக் குளம்’ என்று பெயர் வைத்தார். இரண்டு நாள் வீட்டில் ரசம் வைக்கவில்லை.

இந்த வருஷம் மொக்கு வந்தது. எனக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. என் குளத்தில் என் தாமரை விரிவதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

குறுக்கே நின்றவர் பக்கத்து வீட்டுத் தில்லைநாயகம் அண்ணாச்சி. ஓய்வுபெற்ற தாசில்தார். விடியுமுன்னே குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, ஒரு கையில் பூக்கூடையும் மறு கையில் கொக்கி கட்டிய கம்புமாகக் கிளம்பிவிடுவார். தெருவில் எட்டிப் பார்க்கும் எந்தப் பூவும் அவருடைய சாமிக்குச் சொந்தம். எங்கள் பக்கம் பூசைக்குப் பறிப்பவரைத் திருடன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்தத் தைரியம்தான் அவருக்கு. என் செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி எல்லாம் போனபோது பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கம்பு சுவரைத் தாண்டிக் குளம் வரைக்கும் நீளும் என்று நான் நினைக்கவேயில்லை. முதல் மொக்கு அப்படித்தான் போனது.

“அண்ணாச்சி, அது விரியட்டும்னுல்லா விட்டு வச்சிருந்தேன்.”

“அங்கன விரிஞ்சா என்ன, சாமி காலடியில விரிஞ்சா என்ன தாயி? உனக்குத்தான் புண்ணியம்.”

இரண்டாவது மொக்கும் புண்ணியத்துக்கே போய்ச் சேர்ந்தது. “பெரியவரு, போட்டும் விடு” என்றார் என் கணவர். அவருக்கென்ன, கடப்பாரை பிடித்தவரா?

மூன்றாவது மொக்கு வந்தபோது புரட்டாசி முடியும் தறுவாயில் இருந்தது. மழை தொடங்கிவிட்டால் இந்த வருஷத்துக்கு இனி கிடையாது. மொக்கு நன்றாகப் பருத்து, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ விரிந்துவிடும் என்ற நிலையில், ஒரு சாயங்காலம் சுவருக்கு மேலே அண்ணாச்சியின் தலை தெரிந்தது. கண்ணாலேயே கம்புக்கு நீளம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

அவரைப் பார்க்காதவள்போலக் குளத்தோரம் மண்டியிட்டு, மொக்கில் மூக்கை வைத்து, தெருவுக்கே கேட்கும்படி ஓர் உறிஞ்சு உறிஞ்சினேன்.

“ஏ தாயி! என்ன செய்யுத?”

“மோந்து பாக்கேன் அண்ணாச்சி.”

“மோந்த பூ சாமிக்கு ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?”

“அப்படியா!” என்று கண்ணை விரித்தேன். எங்கள் வீடுகளில் பேச்சு வருமுன்னே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் அது.

அவர் குரல் இறங்கியது. “போன ரெண்டு மொக்கு?”

அங்கே நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. “எல்லாத்தையும்தான் அண்ணாச்சி. தினமும் சாயங்காலம் தோட்டத்துல ஒரு சுத்து. அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி…”

“செம்பருத்தியில என்ன மணம் இருக்கு?”

“அதைத்தான் தெனமும் தேடுதேன்.”

சுவருக்கு மேலே இருந்த தலை காணாமல் போனது. உண்மையைச் சொல்கிறேன்: நான் எந்தப் பூவையும் முகர்ந்ததில்லை. அன்றைக்குத் தாமரையையும் முகரவில்லை. இரண்டு நாளாகப் பிடித்திருந்த ஜலதோஷத்தில் என் மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக் கிடந்தது. சத்தம்தான் வந்தது.

இருட்டிய பிறகு அண்ணாச்சியின் மனைவி சொர்ணாம்பாள் மதினி வந்தார். மோந்த பூவைச் சாமிக்குப் போட்ட பாவம் தீர, அண்ணாச்சி வண்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்த் தலை முழுகி வந்தாராம். சாப்பிட மாட்டேன் என்று படுத்துவிட்டாராம். சொல்லிவிட்டு மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பூவுக்காகப் பெரிய மனுஷரைப் பட்டினி போட்டுவிட்டோமே என்று மனசு உறுத்தியது. காலையில் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் தாமரை விரியத் தொடங்கியிருந்தது.

காபி டம்ளரோடு கல்லில் உட்கார்ந்துவிட்டேன். வெளிச்சம் ஏற ஏற ஓரிதழ் விலகியது, பிறகு இன்னொன்று. இளஞ்சிவப்புக்கு நடுவே மஞ்சள் பொகுட்டு தெரிந்தது. மீன்கள் பூவின் நிழலுக்குள் வந்து நின்றன. உண்மையைச் சொல்கிற ஞாபகமே எனக்கு இல்லை.

“உள்ள வரலாமா தாயி?”

அண்ணாச்சி வாசல் வழியாக வந்திருந்தார். கையில் கம்பு இல்லை, கூடையும் இல்லை. குளத்தின் பக்கம் வந்து நெடுநேரம் பூவைப் பார்த்தார்.

“இது இனி சாமிக்கு ஆகாது, என்ன?”

இப்போது சொன்னால் பூ போய்விடும். “ஆகாது அண்ணாச்சி” என்றேன்.

“அப்பம் நான் மோந்தா குத்தமில்லைலா?”

நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

“ஏழு வயசுல அப்பா கையில கூடையைக் குடுத்தாரு. இப்பம் அறுபத்தெட்டு. ஒரு பூவை மோந்ததில்லை தாயி. கல்யாண மாலைக்குக்கூட மூச்சப் பிடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். உன் மதினிட்ட கேட்டுப் பாரு.”

“தாராளமா மோந்து பாருங்க” என்றேன்.

வேட்டியை மடித்துக் கட்டி, பைய மண்டியிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். மூக்குக்கண்ணாடி நழுவித் தண்ணீரில் விழுந்தது. மீன்கள் சிதறின. அவர் கவனிக்கவேயில்லை. நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. கண் கலங்கியிருந்தது.

“அறுபது வருசமா நான் கொண்டு கொண்டு குடுக்கேன். இப்படி மணக்கும்னு அவரு ஒரு வார்த்தை சொன்னாராங்கேன்!” என்று தன் வீட்டுப் பூசையறைப் பக்கம் பார்த்து முறைத்தார். பிறகு திரும்பவும் குனிந்தார்.

பூ இருந்த மூன்று நாளும் வந்தார். வாசல் வழியாகத்தான். நான் மூன்று நாளும் ஆவி பிடித்தேன், மிளகு ரசம் குடித்தேன், தைலம் தடவினேன். மூக்கு திறக்கவில்லை. மூன்றாம் நாள் இதழ்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் உதிர்ந்தன. கடைசி இதழ் ஆடிக்கொண்டிருந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“அண்ணாச்சி, அது எப்படித்தான் மணக்கு?”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நல்லா கேட்ட, போ. முதமுதல்ல மோந்தவ நீதானே தாயி?”

“ஆமா அண்ணாச்சி” என்று சொல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.